அந்த 35 விநாடிகள் யாருடையவை?

படத்தின் உச்சக்கட்டம் ஒரு விசாரணை மண்டபத்தில் நடக்கிறது. பெரிய திரையில், விமான ஓட்டத்தைத் தரையிலேயே போலச்செய்து காட்டும் சிமுலேட்டரில் அமர்ந்த விமானிகள் லகார்டியா விமான நிலையத்துக்குத் திரும்பிப் பத்திரமாக இறங்கிக் காட்டுகிறார்கள். அடுத்து டெட்டர்பரோ விமான நிலையத்திலும் இறங்கிக் காட்டுகிறார்கள். இன்ஜின்கள் செயலிழந்த விமானத்தை ஆற்றில் இறக்கியது தவறுதான் என்று நிறுவியாகிவிட்டது என்ற தோரணையில் அதிகாரிகள் அமர்ந்திருக்கிறார்கள். அப்போது வெள்ளை மீசை வைத்த தலைமை விமானி நிதானமாகக் கேட்கிறார்: இதைச் செய்து காட்டுமுன் எத்தனை முறை பழகிப் பார்த்தார்கள்? பதினேழு முறை என்று பதில் வருகிறது. மண்டபத்தில் சலசலப்பு. என்ன நடந்தது என்று புரிந்துகொள்ள மனிதனுக்கு நேரம் வேண்டாமா என்கிறார் அவர். சரி என்று 35 விநாடிகளைச் சேர்க்கிறார்கள். இம்முறை இரண்டு விமானங்களும் நொறுங்குகின்றன.

2016இல் வெளிவந்த ‘சல்லி’ படத்தின் காட்சி இது. நம் காதில் சல்லிக்காசு போல விழும் இந்தப் பெயர், செஸ்லி சல்லன்பெர்கர் என்ற விமானியின் செல்லப்பெயர். முதன்முறை பார்த்தபோது நானும் மனத்துக்குள் கைதட்டினேன். கோப்புகளையும் கணினியையும் கட்டிக்கொண்டு அழும் அதிகாரிகளை அனுபவசாலி ஒருவர் ஒரே கேள்வியில் மடக்கினால் யாருக்குத்தான் பிடிக்காது? தாலுகா அலுவலகத்தில் ஒருமுறையாவது வரிசையில் நின்றவருக்கு இந்தக் காட்சி தேன்.

பிறகு அந்த விபத்தைப் பற்றிய அதிகாரபூர்வ அறிக்கையைப் படித்தேன். கைதட்டியது வெட்கமாகிவிட்டது. அந்த 35 விநாடித் தாமதத்தை வைத்துச் சோதித்துப் பார்த்தவர்கள், திரையில் வில்லன்களாகக் காட்டப்பட்ட அந்த விசாரணை அதிகாரிகளே. யாரும் அவர்களை மண்டபத்தில் மடக்கவில்லை. அவர்களாகவே செய்து, அவர்களாகவே எழுதி வெளியிட்டிருக்கிறார்கள். அவர்கள் வாயிலிருந்த சொல்லைப் பிடுங்கி நாயகன் வாயில் வைத்துவிட்டு, அதே சொல்லால் அவர்களை அடித்திருக்கிறது படம்.

உண்மை நிகழ்வை வைத்து ஹாலிவுட் எடுக்கும் படங்களில் சட்டையின் நிறம் தவறு, காரின் மாடல் தவறு என்று பட்டியல் போடுபவர்கள் உண்டு. அந்தக் கணக்கு எனக்கு அலுப்பூட்டும். இந்தப் படத்தில் அப்படிப்பட்ட பிழைகள் குறைவு; விமானம், ஆறு, படகுகள், உரையாடல்கள் எல்லாம் வியக்கத்தக்க கவனத்தோடு அமைந்திருக்கின்றன. தவறு வேறு இடத்தில் இருக்கிறது. இதை ஒரு தனி நிகழ்வாக எடுத்து ஆராயத் தோன்றியது அதனால்தான்.

208 விநாடிகள்

2009 ஜனவரி 15, வியாழக்கிழமை. யுஎஸ் ஏர்வேஸ் நிறுவனத்தின் 1549ஆம் எண் விமானம், ஏர்பஸ் ஏ320 வகை, நியூயார்க்கின் லகார்டியாவிலிருந்து சார்லட் நகரத்துக்குப் புறப்படுகிறது. பயணிகள் 150 பேர், பணியாளர் ஐவர். தலைமை விமானி சல்லன்பெர்கருக்கு வயது 57. முன்னாள் விமானப்படை வீரர், ஏறத்தாழ 20,000 மணி நேரம் பறந்தவர். துணை விமானி ஜெஃப்ரி ஸ்கைல்ஸும் பழுத்த அனுபவசாலிதான். ஆனால் ஏ320இல் அவருடைய பறப்பு நேரம் வெறும் 37 மணி. அன்று விமானத்தைக் கிளப்பியவர் ஸ்கைல்ஸ்.

மாலை 3.25க்குச் சக்கரங்கள் தரையைவிட்டு எழும்புகின்றன. 3.27க்கு, சுமார் 2,800 அடி உயரத்தில், கனடா வாத்துக் கூட்டம் ஒன்று எதிரே வருகிறது. சாதாரண வாத்து அல்ல. ஒவ்வொன்றும் ஏறத்தாழ மூன்றரைக் கிலோ எடையுள்ளது. அந்த வகை இன்ஜினுக்குச் சான்று கொடுக்கும்போது பெரிய பறவை என்று எடுத்துக்கொண்ட எடையே 4 பவுண்டுதான், அதாவது இரண்டு கிலோவுக்கும் குறைவு. இரண்டு இன்ஜின்களும் ஒரே நேரத்தில் உந்துவிசையை ஏறத்தாழ முழுவதுமாக இழக்கின்றன. அந்த உயரத்தில், அதற்குக் கீழே இருப்பது நியூயார்க் நகரம்.

“என் விமானம்” என்கிறார் சல்லன்பெர்கர். “உங்கள் விமானம்” என்கிறார் ஸ்கைல்ஸ். கட்டுப்பாடு கைமாறியது என்பதற்கு விமானிகள் சொல்லிக்கொள்ளும் வழக்கமான வார்த்தைகள் அவை. அவசரப் பட்டியலில் தொடக்கத்திலேயே வராத ஒரு வேலையைத் தலைமை விமானி உடனே செய்கிறார்: வால்பகுதியில் இருக்கும் துணை மின் இயந்திரத்தை இயக்குகிறார். அதனால் விமானத்தின் மின்சாரமும் கணினிப் பாதுகாப்பும் கடைசிவரை விழித்திருந்தன. ஸ்கைல்ஸ் அவசரப் பட்டியலைப் புரட்டி இன்ஜின்களை உயிர்ப்பிக்கப் பார்க்கிறார்.

ரேடியோவில் பாட்ரிக் ஹார்ட்டன் என்ற வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் ஓடுபாதைகளை ஒவ்வொன்றாகக் காலி செய்து நீட்டுகிறார். லகார்டியாவின் 13ஆம் ஓடுபாதை? முடியாது, ஹட்சன் ஆற்றில் போய் முடியலாம் என்று பதில். பிறகு நியூஜெர்சி பக்கம் இருக்கும் டெட்டர்பரோ? முடியாது. டெட்டர்பரோவில் எந்த ஓடுபாதை வேண்டும் என்று ஹார்ட்டன் விடாமல் கேட்கிறார். “நாங்கள் ஹட்சனில்தான் இருப்போம்” என்கிறது அந்தக் குரல். இதில் ஒரு சிறு விஷயம் என்னை எப்போதும் தொடும். முதல் அபாய அழைப்பில் சல்லன்பெர்கர் தம் விமானத்தின் அழைப்பு எண்ணையே 1549 என்பதற்குப் பதிலாக 1539 என்று தவறாகச் சொல்கிறார். இருபதாயிரம் மணி நேர அனுபவத்துக்கும் அந்த நொடியில் நாக்கு புரள்கிறது.

ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தை 900 அடிக்கும் குறைவான இடைவெளியில் தாண்டுகிறார்கள். பயணிகளுக்கு ஒரே ஓர் அறிவிப்பு: மோதலுக்குத் தயாராகுங்கள். பணிப்பெண்கள் மூவரும் “தலையைக் குனியுங்கள், குனிந்தே இருங்கள்” என்று ஒரே குரலில் மந்திரம்போல முழங்கத் தொடங்குகிறார்கள். கடைசி நிமிடத்தில் தலைமை விமானி துணைவரிடம் கேட்கிறார்: “ஏதாவது யோசனை இருக்கிறதா?” ஸ்கைல்ஸ் சொல்கிறார்: “இல்லை.” எந்தத் திரைக்கதை ஆசிரியரும் எழுதத் துணியாத வசனம் இது. ஒலிப்பதிவுக் கருவி எழுதியது.

வாத்துகள் மோதியதிலிருந்து தண்ணீரைத் தொட்டதுவரை 208 விநாடிகள். காற்றின் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே, ஆற்று நீர் 5 டிகிரி. ஏறத்தாழ நான்கே நிமிடங்களில் முதல் பயணிகள் படகு வந்து சேர்ந்தது. அன்றாடம் இக்கரைக்கும் அக்கரைக்கும் அலுவலகம் போகிறவர்களை ஏற்றி இறக்கும் படகுகள் அவை. 155 பேரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள். கடுமையாகக் காயம்பட்டவர்கள் ஐந்து பேர்.

விசாரணை என்ன செய்தது

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்துக்கு யாரையும் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது. உரிமத்தைப் பறிக்கவும் முடியாது. அது வேறு துறையின் கையில் இருக்கிறது. விபத்துக்கான காரணம் பற்றி வாரியம் சொல்லும் முடிவை இழப்பீட்டு வழக்குகளில் சாட்சியமாக வைக்கக்கூட அமெரிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. காரணம் எளிது. தண்டனை வருமென்றால் யாரும் உண்மை பேசமாட்டார்கள். உண்மை வராவிட்டால் அடுத்த விமானம் அதே காரணத்தால் விழும். ஆகவே அவர்கள் யார் குற்றவாளி என்று தேடுவதில்லை. என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று தேடுகிறார்கள்.

படத்தில் விசாரணையின் முதல் சந்திப்பிலேயே கடைசியாக எப்போது குடித்தீர்கள், எவ்வளவு தூங்கினீர்கள், வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்ற கேள்விகள் அம்பு போல வருகின்றன. பார்க்கிற நமக்கு ரத்தம் கொதிக்கிறது. உண்மையில் எந்த விபத்தானாலும் விமானியின் முந்தைய 72 மணி நேரத்தை விசாரிப்பது அவர்களுடைய வழக்கம். டாக்டர் நம் சர்க்கரை அளவைக் கேட்பது போன்றது அது. டாக்டர் அதைக் கேட்டதற்காக யாரும் அவமானப்பட்டுக் கிளம்புவதில்லை.

படத்தில் எல்லாம் சில நாட்களில் முடிந்துவிடுவது போன்ற ஒரு தோற்றம். நிஜத்தில் 2009 ஜூனில் மூன்று நாள் பொது விசாரணை நடந்தது. இறுதி அறிக்கையை வாரியம் ஏற்றுக்கொண்டது 2010 மே 4 அன்று. கிட்டத்தட்ட பதினாறு மாதம். இதற்குள் ஆற்றடியிலிருந்து இடப்பக்க இன்ஜினை எடுத்தார்கள். இன்ஜின்களுக்குள் ஒட்டியிருந்த இறகுத் துணுக்குகளை ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். அங்கே அவை கனடா வாத்துகள் என்று உறுதிப்படுத்தினார்கள். இறகில் இருந்த ஹைட்ரஜன் ஐசோடோப்புகளை அளந்து, அவை நியூயார்க்கிலேயே குடியிருக்கும் வாத்துகள் அல்ல, வடக்கே லாப்ரடார் பகுதியிலிருந்து வலசை வந்தவை என்றும் கண்டார்கள். (இதற்கிடையில் 2009 கோடையில் நியூயார்க் விமான நிலையங்களைச் சுற்றிக் குடியிருந்த உள்ளூர் வாத்துகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றைப் பிடித்துக் கொன்றார்கள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பது வாத்துகளுக்கும் பொருந்தும் போலிருக்கிறது.)

இனி, அந்தப் புகழ்பெற்ற சிமுலேட்டர் சோதனை. அது பிரான்ஸின் டுலூஸ் நகரில், ஏர்பஸ் நிறுவனத்தின் பொறியியல் சிமுலேட்டரில் நடந்தது. கணக்கில் எடுத்துக்கொண்ட 15 முயற்சிகளில், வாத்து மோதிய அந்த நொடியிலேயே திரும்பினால், 8 முறை ஏதோ ஓர் ஓடுபாதையில் இறங்க முடிந்தது. என்ன நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே அறிந்த விமானிகளால் பாதிக்குச் சற்று மேல்தான் முடிந்திருக்கிறது. பிறகு 35 விநாடி தாமதித்து லகார்டியாவுக்குத் திரும்பும் முயற்சி ஒன்று. அது ஓடுபாதையை எட்டவில்லை. உடனடியாகத் திரும்பிய முயற்சிகள் உண்மை உலகத்துக்கு ஒத்துவராதவை, பறவை மோதியதை உணரவும் முடிவெடுக்கவும் ஆகும் நேரம் அவற்றில் இல்லை என்று அறிக்கை வெளிப்படையாகவே எழுதுகிறது. விமான நிலையம் ஒன்றை எட்டப் பார்க்காமல் ஹட்சனில் இறக்கும் முடிவே உயிர்பிழைக்க மிக அதிக வாய்ப்பைத் தந்தது என்பது வாரியத்தின் தீர்ப்பு.

படத்தில் சல்லன்பெர்கராக நடித்த டாம் ஹாங்ஸ் மண்டபத்தில் எழுப்பிய வாதம் இதுவேதான். எழுதியவர்கள் மட்டும் வேறு ஆட்கள்.

அறிக்கையில் உண்மையிலேயே சுவாரசியமான பகுதிகள் வேறு. ஸ்கைல்ஸ் புரட்டிய அவசரப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு இன்ஜினும் செயலிழந்தால் செய்ய வேண்டியவை மூன்று பக்கத்துக்கு நீள்கின்றன. காரணம், 20,000 அடிக்கு மேலே பறக்கும்போது இது நடக்கும் என்று நினைத்து எழுதிய பட்டியல் அது. அங்கிருந்து கீழே வரப் பல நிமிடங்கள் இருக்கும். மூவாயிரம் அடிக்குக் கீழே இருப்பவருக்கு அது எதற்கு ஆகும்? அவர்களால் மூன்றில் ஒரு பங்கைத்தான் முடிக்க முடிந்தது. தண்ணீரில் இறங்குவதற்கான படிகள் அந்தப் பட்டியலின் பின்பகுதியில் இருந்தன. தண்ணீர் புகும் திறப்புகளை மூடுகிற பொத்தானை அழுத்த நேரமே வரவில்லை. சிதைந்துபோன இன்ஜினை உயிர்ப்பிக்க முயன்றே நேரம் போயிற்று. அது சிதைந்துவிட்டது என்று விமானிக்குச் சொல்லும் கருவி எதுவும் விமானி அறையில் இல்லை.

இன்னொன்று. ஏ320 தண்ணீரில் இறங்கத் தகுதியுள்ளது என்று சான்று கொடுத்தபோது, விநாடிக்கு மூன்றரை அடி என்ற மென்மையான வேகத்தில் அது நீரைத் தொடும் என்று கணக்கிட்டிருந்தார்கள். 1549 தொட்டதோ விநாடிக்கு பன்னிரண்டரை அடி வேகத்தில். பின்பக்க அடிவயிறு கிழிந்தது. கிழிந்த இடத்தில் ஓர் உலோகத் தண்டு தரையைத் துளைத்து மேலே வந்து பணிப்பெண் டோரீன் வெல்ஷின் காலைக் கிழித்தது. பின்புறம் தண்ணீர் நிரம்பியதால் அங்கிருந்த மிதவைச் சறுக்குகள் (அவசரத்தில் சறுக்கி வெளியேறவும் தண்ணீரில் படகாக மிதக்கவும் உதவுபவை) பயன்படவில்லை. இன்ஜின் இல்லாத விமானத்தை அந்த மென்மையான வேகத்தில் ஒரு மனிதனால் இறக்க முடியுமா என்று யாரும் சரிபார்க்காமலேயே சான்று கொடுத்துவிட்டார்கள் என்று அறிக்கை குற்றம் சாட்டுகிறது. குற்றச்சாட்டு விமானியை நோக்கி அல்ல, இன்னோர் அரசுத் துறையை நோக்கி, விமானப் போக்குவரத்து நிர்வாகத்தை நோக்கி.

விமானிமீது ஒன்றுமே இல்லையா? இருக்கிறது, ஒரே ஒரு வரி. கடைசிக் கட்டத்தில் நினைத்த வேகத்தைத் தக்கவைத்துக்கொள்ள அவரால் முடியவில்லை என்கிறது. உடனே காரணத்தையும் சொல்கிறது: ஒரே நேரத்தில் சுமக்க முடியாத அளவு வேலை அவர் தலைமேல் இருந்தது, இப்படி இறங்குவதற்கான பயிற்சியை விமானத்துறை யாருக்கும் கொடுத்திருக்கவில்லை. ஒருவர் தடுமாறியதை மறைக்காமல், அவரை இழிவுபடுத்தாமல் எழுதுவது எப்படி என்று கற்க விரும்புபவர் அந்த வரியைப் படிக்கலாம்.

எல்லோரும் பிழைத்ததற்கு நான்கு காரணங்களை அறிக்கை சொல்கிறது. விமானிகளின் முடிவும் இருவருக்கும் இடையிலான ஒத்துழைப்பும் ஒன்று. பணிப்பெண்களின் செயல் மற்றொன்று. மீட்புப் படகுகள் அருகிலேயே இருந்தது இன்னொன்று. நான்காவது சுத்தமான அதிர்ஷ்டம்: அந்தப் பாதைக்குக் கடல்மேல் பறக்கும் விமானங்களுக்குரிய மிதவைச் சறுக்குகள் சட்டப்படி தேவையே இல்லை. அன்று வந்த விமானத்தில் அவை தற்செயலாக இருந்தன.

பக்கம் பக்கமாகப் போகும் இந்த நுணுக்கத்தில் என்னை நிறுத்தியது ஒரு சின்ன விஷயம். காயம்பட்டவர்களில் இரண்டு பெண்களுக்கு ஒரே மாதிரித் தோள் எலும்பு முறிவு. ஏன் ஒரே மாதிரி என்று வாரியம் கேட்டுப் பார்த்திருக்கிறது. இருவரும் பாதுகாப்பு அட்டையில் வரைந்திருந்தபடியே முன் இருக்கையில் கைகளை ஊன்றிக் குனிந்திருந்தார்கள். இன்றைய இருக்கைகளுக்கு அந்த நிலை ஒத்துவரவில்லை. சொன்னபடி கேட்டவர்களுக்கு எலும்பு முறிந்தது. இதைக் கண்டுபிடித்தவர்களைத்தான் படம் மனித உணர்வே இல்லாத கணக்குப்பிள்ளைகளாக்கியது.

ஏன் ஒரு வில்லன் வேண்டியிருந்தது

படத்தின் இயக்குநர் கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் சிக்கல் எனக்குப் புரிகிறது. நிகழ்வு மூன்றரை நிமிடம். படம் 96 நிமிடம். முடிவு உலகத்துக்கே தெரியும்: யாரும் சாகவில்லை. நாயகன் நல்லவன், துணைவன் நல்லவன், பயணிகள் நல்லவர்கள், படகோட்டிகள் நல்லவர்கள், வாத்துகள்கூடப் பாவம். இதை வைத்து யார் நாற்காலி நுனியில் உட்காருவார்கள்? எதிர்ப்பு எங்கிருந்தாவது வர வேண்டும். இருந்த நிறுவனங்களில் வழக்குப் போடாத, விளம்பரம் கொடுக்காத, டிக்கெட் வாங்காத ஒன்று விசாரணை வாரியம். முன்னே சொன்ன பிள்ளையார் கோயில் ஆண்டியின் நிலைதான்.

ஈஸ்ட்வுட்டுக்கு இந்தக் கதையில் சொந்த ஈர்ப்பும் இருந்தது. 1951இல், 21 வயதுப் படைவீரனாக, கடற்படை விமானம் ஒன்றில் ஓசியில் ஏறி வந்தபோது அது கலிபோர்னியாவின் பாயின்ட் ரேயஸ் அருகே கடலில் இறங்கியது. நீந்திக் கரை சேர்ந்தார். தண்ணீரில் இறங்கிய விமானத்திலிருந்து வெளியே வருவது எப்படி இருக்கும் என்று அறிந்த இயக்குநர் உலகிலேயே எத்தனை பேர் இருப்பார்கள்? அந்த அறிவு மீட்புக் காட்சிகளில் தெரிகிறது. ஆனால் விசாரணையைப் பற்றி அவர் அறிந்தது திரைக்கதையிலிருந்து. விமானிமேல் பழிபோட வாரியம் முயன்றது என்பதைத் திரைக்கதை படித்தபிறகுதான் தெரிந்துகொண்டதாகப் படத்தின் விளம்பரத்தில் அவரே பேசியிருக்கிறார்.

படம் வந்ததும் வாரியத்தின் பழைய ஆட்கள் கொதித்தார்கள். அந்த விசாரணைக்குத் தலைமை தாங்கிய ராபர்ட் பென்சன் செய்தியாளரிடம் சொன்னது: “நாங்கள் கேஜிபி அல்ல, கெஸ்டபோ அல்ல. வெள்ளைத் தொப்பி போட்டவர்கள் நாங்கள்.” பழைய கௌபாய் படங்களில் நல்லவன் வெள்ளைத் தொப்பி போட்டிருப்பான். ஈஸ்ட்வுட்டுக்குப் புரியும் மொழியிலேயே பதில் சொல்லியிருக்கிறார் மனிதர்.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். விசாரணையின் நடுவே நிற்பவருக்கு அது எவ்வளவு கனமானது, தம் தொழில்வாழ்க்கையின் பெயர் தராசில் தொங்குவதாக எப்படி உணர்ந்தார் என்று சல்லன்பெர்கரே பேசியிருக்கிறார். அதை நான் சந்தேகிக்கவில்லை. நாற்பது ஆண்டு பறந்த ஒருவரை 208 விநாடிகளால் அளக்கப்போகிறார்கள் என்ற பயம் கண்டிப்பாகத் தூக்கத்தைக் கெடுக்கும். படத்தின் தொடக்கத்தில் விமானம் மன்ஹாட்டன் கட்டடங்களுக்கு நடுவே விழுவதாக அவர் காணும் கெட்ட கனவு, எனக்கு இந்தப் படத்திலேயே மிக உண்மையான காட்சி. விசாரணை முழுவதையும் அப்படி அவருடைய பயமாகவே, உள்ளுக்குள் ஓடும் நீதிமன்றமாகவே எடுத்திருக்கலாம். அதைச் செய்யாமல், பயத்தைச் செய்தியாக மாற்றினார்கள்.

இதில் ஒரு நேர்மையான செயலும் உண்டு, அது படக்குழுவுடையது அல்ல. முதல் வரைவில் விசாரணை அதிகாரிகளின் உண்மைப் பெயர்கள் இருந்தனவாம். அது அவர்களுக்கு நியாயமில்லை என்று சொல்லி எடுக்க வைத்தவர் சல்லன்பெர்கர் என்று ஹாங்ஸ் சொன்னார். ஆகவே திரையில் இருப்பவை கற்பனைப் பெயர்கள். நிறுவனத்தின் பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

பெயரை மாற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு படமே சாட்சி. 1997இல் வந்த ‘டைட்டானிக்’ படத்தில் கப்பலின் முதல் அதிகாரி வில்லியம் மர்டாக் லஞ்சம் வாங்குகிறார், பயணிகளைச் சுடுகிறார், தன்னையும் சுட்டுக்கொள்கிறார். ஓர் அதிகாரி சுட்டார் என்று சொன்ன சாட்சிகள் உண்டு. அது மர்டாக்தான் என்பது நிறுவப்படவே இல்லை. ஸ்காட்லாந்தின் டால்பீட்டி என்ற சிற்றூர் அவரை இன்றும் வீரராகக் கொண்டாடுகிறது. ஊரார் கொந்தளித்ததும் 1998இல் பட நிறுவனத்தின் உயரதிகாரி ஒருவர் நேரில் போய், மர்டாக் பெயரில் உள்ளூர்ப் பள்ளிக்கு 5,000 பவுண்டு கொடுத்துவிட்டு வந்தார். இருநூறு கோடி டாலருக்கு மேல் வசூலித்த படம் அது. 2000இல் வந்த ‘யு-571’ பெயர்களைத் தொடவில்லை, நாட்டையே மாற்றியது. 1941 மே மாதம், அமெரிக்கா போருக்குள் வருமுன்பே, பிரிட்டனின் புல்டாக் கப்பல் ஜெர்மன் நீர்மூழ்கியிலிருந்து கைப்பற்றிய எனிக்மா என்ற ரகசியக் குறியீட்டுக் கருவியை அமெரிக்க வீரர்கள் கைப்பற்றியதாகக் காட்டியது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம்வரை போன சண்டை அது.

அவற்றோடு ஒப்பிட்டால் ‘சல்லி’ செய்தது சின்னத் தவறு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இது பெரிது. மர்டாக் செத்து நூறாண்டு ஆகிவிட்டது. எனிக்மாவை யார் எடுத்தார்கள் என்பதால் நாளை யாருக்கும் ஆபத்து இல்லை. விபத்து விசாரணையோ நாளைக்கும் நடக்க வேண்டியது. அது நம்பிக்கையால் மட்டுமே ஓடுகிறது. அடுத்த விபத்தில் பிழைக்கும் விமானி, விசாரணை மேசைக்கு முன் உட்காரும்போது, இந்தப் படத்தை நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டால்? வாரியத்தின் முன்னாள் அதிகாரிகள் இந்தக் கவலையையும் சொன்னார்கள். இதில் மிகைப்படுத்தல் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கையில் இருந்த மோதல்

வில்லன் வேண்டுமென்றால் நிஜமாகவே ஒரு மோதல் கிடைத்திருக்கும். விபத்து நடந்து ஆறு வாரம்கூட ஆகாத 2009 பிப்ரவரி 24 அன்று, நாடே தூக்கிக் கொண்டாடிய சல்லன்பெர்கர் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் துணைக்குழு முன் உட்கார்ந்தார். பாராட்டை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அவர் சொன்னது வேறு: தம் சம்பளம் 40 சதவீதம் வெட்டப்பட்டது, ஓய்வூதியத் திட்டம் நிறுத்தப்பட்டது, இப்படியே போனால் அனுபவமுள்ளவர்கள் இந்தத் தொழிலுக்கு வரமாட்டார்கள். அன்று ஆற்றில் 155 பேரைக் காப்பாற்றியது அந்த அனுபவம்தான் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு பெரிய காட்சி! ஆனால் அதில் வில்லன் விமான நிறுவனங்களும் அவற்றின் கணக்கு வழக்கும். அப்படிப்பட்ட வில்லனை விடக் கோட்டும் டையும் போட்ட அரசு ஊழியர் சுலபம்.

விமானத்தின் கணினியைப் பற்றிய சண்டையும் படத்தில் இல்லை. விமானி எவ்வளவு இழுத்தாலும் ஏ320இன் கணினி விமானத்தை நிலைகுலைய விடாது. கடைசி 150 அடியில் விமானி மூக்கை இன்னும் தூக்கப் பார்த்தபோது அது கொஞ்சம் தடுத்தது என்றும் அறிக்கை சொல்கிறது. காப்பாற்றியது மனிதனா, இயந்திரமா என்று விமான உலகில் உண்மையாகவே வாதம் நடந்தது. கணினியைப் பார்த்துச் சீறும் ஒரு படம் இதைத் தொடாமல் விட்டது விந்தை.

படத்தைப் பார்க்கவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். படகுகள் வரும் காட்சிகளை நான் மூன்று முறை பார்த்துவிட்டேன். நிஜப் படகுத் தலைவர்களில் ஒருவரான வின்சென்ட் லொம்பார்டி தம் வேடத்தைத் தாமே செய்கிறார். இறக்கைகளின்மேல் கணுக்கால் தண்ணீரில் வரிசையாக நிற்கும் மனிதர்களைக் காட்டும் அந்த அகன்ற காட்சியில் இசைகூட அடக்கமாக இருக்கிறது. மற்ற எல்லோரும் வெளியேறிய பிறகு, தண்ணீர் ஏறும் விமானத்துக்குள் ஹாங்ஸ் ஒருவர் மட்டும் இருக்கை இருக்கையாகப் பார்த்துக்கொண்டு நடப்பதும் நிஜத்தில் நடந்ததே.

சார்லட்டுக்குப் புறப்பட்ட அந்த விமானம் 2011இல் அங்கே போய்ச் சேர்ந்தது, பெரிய லாரியில், நெடுஞ்சாலை வழியாக. இப்போது அந்நகரத்தின் விமான அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அருங்காட்சியகத்துக்கே இப்போது சல்லன்பெர்கரின் பெயர். விமானத்தைப் பழுதுபார்க்காமல், ஆற்றிலிருந்து தூக்கிய நிலையிலேயே வைத்திருக்கிறார்கள். பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தால், விநாடிக்கு பன்னிரண்டரை அடி என்பது உலோகத் தகட்டை என்ன செய்யும் என்று தெரியும்.